விரல் வைத்த நேரம்

ஒரே பைக்கில் வந்து, ஒரே நிமிடத்தில் ஃபேக்டரி வாசலில் இறங்கிய இருவரில் ஒருவர் நேரத்துக்கு வந்தவர், இன்னொருவர் லேட். நேரத்துக்கு வந்தவன் நான். லேட்டாக வந்தவள் என் மனைவி பூர்ணிமா. இது எப்படி என்று உங்களுக்குக் குழப்பமாக இருக்கலாம். எங்கள் ஹெச்.ஆர். மேனேஜர் வசந்துக்கு ஒரு குழப்பமும் இல்லை.

நாங்கள் மாதனூர்க்காரர்கள். ஃபேக்டரி ஆம்பூருக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலை ஓரத்தில். ஆயிரத்து நூறு பேர் வேலை பார்க்கும் ஷூ ஃபேக்டரி, அதில் முக்கால்வாசிக்கு மேல் பெண்கள். பூர்ணிமா க்ளோசிங் செக்‌ஷனில், அதாவது ஷூவின் மேல்தோலைத் தைத்துச் சேர்க்கிற இடத்தில், பதினோரு வருஷமாகத் தைக்கிறாள். நான் கம்ப்யூட்டர் பிரிவு. உலகம் முழுக்க ஐ.டி. என்று பெயர் மாற்றியாகிவிட்டது. எங்கள் அறை வாசலில் மட்டும் இன்னும் இ.டி.பி. என்ற பலகை தொங்குகிறது. அந்த மூன்று எழுத்துக்கும் சேர்த்து ஆள் நான் ஒருவன்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும், முதலாளி வீட்டு டி.வி.யில் படம் வராவிட்டாலும் கார்முகிலனைக் கூப்பிடு. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

ஸ்டாஃபுக்குத் தனி கேட். செக்யூரிட்டி மேஜைமேல் ஒரு நீள நோட்டு இருக்கும். நேரத்தை நாமே எழுதி, நாமே கையெழுத்துப் போட வேண்டும். பூர்ணிமாவை இறக்கிவிட்டு, எதிர்க்கடையில் டீ குடித்து, பேப்பரில் ராசிபலன் வரைக்கும் பார்த்துவிட்டு எட்டே முக்காலுக்கு உள்ளே போனாலும் என் பேனா 8.20 என்றுதான் எழுதும். பழகிப்போன பேனா.

தொழிலாளர்களுக்கு விரல் மெஷின். விரலை வைத்ததும் அது "நன்றி" என்று சொல்லும். அவர்கள் உள்ளே போய்விடுவார்கள். மெஷின் அந்தத் தகவலை என் அறையில் இருக்கும் சர்வருக்கு அனுப்பும். சர்வரில் இருக்கும் டேட்டாபேஸ் ஒவ்வொருவராக எடுத்து, சரிபார்த்து, டிஸ்கில் எழுதும். இதில் ஒரு சின்ன விஷயம். டேட்டாபேஸ் போடுவது விரல் வைத்த நேரத்தை அல்ல, தான் எழுதிய நேரத்தை. மெஷின் கடிகாரத்தை யாராவது திருப்பி வைத்துவிடுவார்கள் என்று பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கமிட்டி கூடி எடுத்த முடிவு அது. எட்டரைக்கு மேல் ஒரு நொடி ஆனாலும் லேட். ஆறு மாதத்தில் மூன்று லேட் வந்தால் சூப்பர்வைசர் பட்டியலில் பெயர் இருக்காது.

அந்தப் பட்டியல்தான் பூர்ணிமாவின் கனவு. பதினோரு வருஷத்தில் அவள் பழக்கிவிட்ட மூன்று பெண்கள் சூப்பர்வைசராகிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. ஒருமுறை பிரசவம், ஒருமுறை கொரோனா, ஒருமுறை மேனேஜரின் மச்சினி. இந்த வருஷம் குறுக்கே எதுவும் இல்லை. அடுத்த மாதம் முதல் வாரத்தில் பட்டியல் வரும், அதில் தன் பெயர் இருக்கும் என்று மாமியாரிடம், அதாவது என் அம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டாள். மாமியாரிடம் சொன்ன பிறகு பின்வாங்க முடியாது.

சாதாரண நாட்களில் டேட்டாபேஸ் முக்கால் நொடியில் ஒருவரை எழுதும். பிரச்சினை இல்லை. இந்த மாதம் ஜெர்மனியில் ஷூ வாங்கும் புதிய பையர் ஒருவர் கிடைத்தார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை எட்டு மணிக்கு, போன வாரம் தைத்த ஒவ்வொரு ஜோடியும் எந்தத் தோலிலிருந்து வெட்டியது என்ற அறிக்கை அவருக்குப் போக வேண்டும் என்று ஒப்பந்தம். சர்வர் எட்டு மணிக்கு அந்த அறிக்கையில் தலையை விட்டால் எட்டே முக்காலுக்குத்தான் வெளியே எடுக்கும். அதற்கு நடுவே வந்து விழும் விரல்களுக்கு ஆளுக்கு இரண்டு நொடி, இரண்டரை நொடி. எட்டு பத்துக்கு முதல் பஸ் வரும். எட்டு பதினேழுக்கு விரல் வைத்தவள் தன் முறை வரும்வரை சர்வருக்குப் போகும் கம்பிக்குள் வரிசையில் நிற்கிறாள். அந்த வரிசை யார் கண்ணுக்கும் தெரியாது. அவள் உள்ளே உட்கார்ந்து தைக்க ஆரம்பித்திருப்பாள். டேட்டாபேஸ் கணக்கில் இன்னும் அவள் வந்து சேரவில்லை.

அறிக்கையை ஒன்பது மணிக்கு மாற்றலாமே என்று மார்க்கெட்டிங்கில் கேட்டேன். ஜெர்மனியில் அப்போது பொழுதே விடிந்திருக்காது, யார் எழுந்து படிக்கப் போகிறார்கள் என்றும் கேட்டேன். "எட்டு மணின்னு கையெழுத்துப் போட்டாச்சு சார்" என்றார்கள். யார் ஊர் எட்டு மணி என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை. அதனால் நம்மூர் எட்டு மணி.

முதல் திங்கட்கிழமை ஐநூறு பேர் லேட். பூர்ணிமாவும். இரண்டாவது திங்கட்கிழமை அறுநூறு பேர். பூர்ணிமாவும். செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் ஒழுங்கு. வசந்த் எம்.பி.ஏ. படித்தவர். உடனே பிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கறி தின்று தூங்கிவிட்டுத் திங்கட்கிழமை எழுந்திருக்க முடியாத சோம்பல் என்று பன்னிரண்டு பக்கத்தில் படம் போட்டு மீட்டிங்கில் காட்டினார். கேட்டில் ஒரு போஸ்டரும் ஒட்டினார். சூரியன் உதிக்கும் படம், கீழே "காலம் பொன் போன்றது". கம்பெனி பஸ்ஸில் கூட்டமாக வந்து இறங்கும் பெண்கள் எப்படி ஆளுக்கொரு நேரத்தில் லேட்டாக முடியும் என்று மீட்டிங்கில் ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"சார், நானும் பூர்ணிமாவும் ஒரே பைக்லதான் வர்றோம். நான் எட்டு இருபது, அவ எட்டு முப்பத்தி மூணு. எப்பிடி?"

"அதை நீங்கதான் சொல்லணும் கார்முகிலன்" என்றார் வசந்த், சிரிக்காமல். "கேட்டுக்கும் மெஷினுக்கும் நடுவுல பதிமூணு நிமிஷம் இன்னா பண்ணாங்க?"

"மெஷின்ல தனியா ஒரு நேரம் இருக்குது சார். விரல் வெச்ச நேரம். அதை எடுத்துக் காட்டட்டுமா?"

"மெஷின் டைமை நம்பக்கூடாதுன்னு கமிட்டி முடிவு இருக்குதே. டேட்டாபேஸ்ல இருக்கிறதுதான் உண்மை. நீங்களே எத்தினி வாட்டி சொல்லியிருக்கீங்க!"

சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு ஆடிட்டிலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும்.

சரி, டிஸ்கை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். சர்வரில் இருந்தவை சுழலும் தட்டு வைத்த பழைய ஹார்ட் டிஸ்குகள். அவற்றை இணைத்திருந்த விதமும் அப்படி. ஒன்று கெட்டாலும் தகவல் அழியாமல் இருக்க எல்லா டிஸ்கிலும் சரிபார்ப்புக் குறிப்புகளைப் பரப்பி எழுதும் முறை. ஒரு விரலை எழுத நாலு வேலை: பழையதைப் படி, அதன் குறிப்பைப் படி, புதியதை எழுது, புதிய குறிப்பை எழுது. ஒவ்வொன்றுக்கும் ஊசி தட்டின்மேல் ஓடி இடம் தேட வேண்டும். எஸ்.எஸ்.டி. என்கிற புது ரக டிஸ்கில் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. இரண்டு எஸ்.எஸ்.டி. வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் ஃபேக்டரியில் எதை வாங்கினாலும் பர்ச்சேஸ் ஹெட் நந்தகோபால் கை பட்டுத்தான் வாங்க வேண்டும். முப்பது வருஷமாகத் தோல் வாங்குகிறவர். இருட்டறையில் விட்டாலும் விரலால் தடவி இது ஆடு, இது மாடு, இது முதுகு, இது வயிறு என்று சொல்லிவிடுவார். தோலில் அவரை ஏமாற்ற இந்தப் பாலாற்றங்கரையில் இன்னும் ஒருவன் பிறக்கவில்லை. ஆகவே மற்ற எல்லாப் பொருளையும் அவர் தோல் மாதிரியே வாங்குவார்.

இருவரும் வேலூர் லாங் பஜாருக்குப் போனோம். கைவண்டிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் இடையில் நுழைந்து மாடியேறினால் முனீர் அகமதுவின் கம்ப்யூட்டர் கடை. நல்ல மனிதர், பொய் சொல்லி விற்க மாட்டார். நான் கேட்ட எஸ்.எஸ்.டி.யை எடுத்து மேஜைமேல் வைத்தார். நந்தகோபால் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார். சட்டைப்பையிலிருந்து தோலின் தடிமன் பார்க்கும் கேஜை எடுத்து ஓரத்தில் கவ்வவைத்தார்.

"ஏழு மில்லி இருக்குது. ஆனா வெயிட்டே இல்லியே பாய்?"

"உள்ளே சிப்புதான் சார். வெயிட் இருக்காது."

பக்கத்திலிருந்த பெரிய ஹார்ட் டிஸ்கை எடுத்தார். முக்கால் கிலோ இருக்கும். அவர் முகம் மலர்ந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துகூடப் பார்த்தார்.

"இது சோல் தோலுப்பா. அது லைனிங். லைனிங்கைக் கொண்டுபோய் சோல்ல வெப்பாங்களா?" என்று என்னைப் பார்த்தார். "எத்தினி சதுர அடி?"

"சார், இதுல சதுர அடி கிடையாது. நாலு டெராபைட். ஆனா நமக்கு இடம் பத்தாம இல்ல சார். வேகம்தான் பத்தல."

"இடம் ஜாஸ்தி இருந்தா வேகம் தானா வரும். ரோடு அகலமா இருந்தா பஸ் வேகமாப் போகுதா இல்லியா?" அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கடைக்காரர் பக்கம் திரும்பினார். "பாய், எட்டு டிஸ்க். டேபிள் ரன்ல போடு."

"இன்னா ரன்னு?"

தோல் வியாபாரத்தில் இரண்டு விதமாக வாங்கலாம். தரம் பிரித்து, முதல் தரம் மட்டும் எடுத்தால் ஒரு விலை. பிரிக்காமல், மேஜைமேல் வந்தது வந்தபடி, நல்லதும் சொத்தையும் கலந்து எடுத்தால் அது டேபிள் ரன், விலை கம்மி. கெட்டிக்காரன் டேபிள் ரன்தான் வாங்குவான். நல்ல இடத்தை ஷூவின் முன்பக்கத்துக்கு வெட்டுவான், உண்ணி கடித்த தழும்பு இருக்கும் இடத்தைக் கயிற்றுக்கு அடியில் மறைகிற நாக்குக்கு வெட்டுவான். ஒன்றும் வீணாகாது. நந்தகோபால் பெயரெடுத்ததே அதில்தான்.

முனீர் அகமது என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சார், சர்வருக்கு எட்டும் ஒரே மாடல்ல போடறதுதான் வழக்கம்" என்று சொல்லியும் பார்த்தார். நந்தகோபால் கையை உயர்த்தினார். அப்புறம் கடையிலிருந்த டிஸ்குகள் வெளியே வந்தன. புதிது நாலு, ஒரு வருஷம் ஓடியது இரண்டு, கேமரா பதிவுக்கு மட்டும் செய்த மெதுவானது இரண்டு. நாலு கம்பெனி, மூன்று வேகம். எட்டையும் ஒரு சாக்குப்பையில் போட்டு, ஆட்டுத்தோல் கட்டு மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு நந்தகோபால் மாடியிலிருந்து இறங்கினார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே நான் பின்னால் இறங்கினேன். வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது திங்கட்கிழமை. புது டிஸ்குகள் எட்டும் பச்சை விளக்கு எரிய ஜம்மென்று சுழன்றன. ஒரு விரலுக்கு நாலு நொடி. முன்பைவிட மோசம். பூர்ணிமா எட்டு பதினெட்டுக்கு விரல் வைத்தாள், எட்டு இருபத்தைந்துக்குத் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். அவள் மூன்றாவது மேல்தோலின் நூலைக் கத்தரித்துக்கொண்டிருந்தபோது, எட்டு நாற்பத்தொன்றுக்கு, அவள் ஃபேக்டரிக்குள் நுழைந்ததாக என் டேட்டாபேஸ் எழுதியது. மூன்று லேட்.

மாலை பைக்கில் பின்னால் உட்கார்ந்தவள் பச்சக்குப்பம் தாண்டும்வரை மூன்று தேதியையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். எனக்கு அதுவே பயமாக இருந்தது. என் பாஸ்வேர்டைப் போட்டு ஒரு வரி தட்டினால் அந்த மூன்று லேட்டும் இருந்த இடம் தெரியாது. அதைச் சொன்னேன்.

"வேணாம்" என்றாள் உடனே. "நீங்க அழிச்சா நான் லேட்டா வந்தேன், புருஷன் அழிச்சுட்டான்னு ஆயிடும். நான் லேட்டா வரல."

கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள். "அது என் வெரலைப் பார்த்துட்டு நாலு நொடி அப்பிடி இன்னாதான் தேடுது?"

"நீ இன்னிக்கு ஏற்கெனவே பதிவாயிட்டியான்னு பார்க்கும். ரெண்டு வாட்டி எழுதிடக் கூடாதுல்ல."

"இன்னிக்கு வந்தேனான்னு பார்க்க இன்னிக்குதானே பார்க்கணும்? அதுக்கு எதுக்கு நாலு நொடி?"

பைக் தானாக மெதுவானது. மறுநாள் காலையில் போய் முதல் வேலையாக அதைப் பார்த்தேன். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அந்த நிரல், பூர்ணிமா இன்றைக்கு வந்தாளா என்று தெரிந்துகொள்ள, எட்டு வருஷத்தில் இந்த ஃபேக்டரிக்குள் வந்த ஒவ்வொருவரின் ஒவ்வொரு விரல் பதிவையும் முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தது. வேலையை விட்டுப் போனவர்கள், செத்துப்போனவர்கள், எல்லோரையும். தேதி வாரியாக, ஆள் வாரியாக ஒரு அட்டவணை, அதுதான் இண்டெக்ஸ், போட்டிருந்தால் நேரே அந்த இடத்துக்குப் போயிருக்கும். போடவில்லை. போட வேண்டியவன் நான். இன்னொன்று: சர்வரில் அறுபத்து நாலு ஜிகாபைட் மெமரி இருக்கிறது, டேட்டாபேஸுக்கு நாலுதான் ஒதுக்கியிருந்தது. பத்து அறை வீட்டில் ஒரு அறையில் குடியிருப்பு. அதையும் மாற்ற வேண்டியவன் நான்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் டிஸ்க் கோணல் என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். புது சாமான்மேல் எனக்கும்தான் ஆசை.

ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி லீவு. பகல் முழுக்க உட்கார்ந்து இண்டெக்ஸ் போட்டேன், மெமரியைத் திறந்துவிட்டேன், அறிக்கை தேடும் விதத்தையும் திருத்தினேன். நாலு நொடி ஒன்றேகால் நொடியானது. நாலாவது திங்கட்கிழமை லேட் நாற்பது பேர்தான். ஆனாலும் நாற்பது பேர். கடைசி பஸ்ஸில் வரும் குடியாத்தம் பெண்கள். மிச்சம் உண்மையிலேயே டிஸ்கின் குற்றம்தான். இப்போது அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை வந்துவிட்டது.

நந்தகோபாலிடம் போனேன். இந்த முறை கம்ப்யூட்டர் பாஷையே பேசவில்லை. வெட்டிய தோல் துண்டு இரண்டை அவர் மேஜைமேல் வைத்தேன். ஒன்று முதுகுத் தோல், ஒன்று வயிற்றுத் தோல்.

"சார், இடது கால் ஷூ இதுல, வலது கால் ஷூ அதுல தைச்சா?"

"யோவ், பைத்தியமா உனக்கு? ஒரு கால் தொளதொளன்னு ஆயிடும். ஜோடியே ரிஜெக்ட்."

"நல்லா இருக்கிற காலையுமா?"

"ஒரு காலை மட்டும் வெச்சு எவன் நடப்பான்?"

"அந்த எட்டு டிஸ்கும் அப்பிடித்தான் சார். எட்டும் ஒரே ஜோடி. ஒவ்வொரு எழுத்தும் எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் போகும். ஏழு பேர் எழுதி முடிச்சுட்டு எட்டாவது ஆளுக்காக நிக்கிறாங்க. இதுல நாக்கு கிடையாது சார். சொத்தையை மறைக்க இடமே இல்ல. எல்லாமே முன்பக்கம்."

நந்தகோபால் வயிற்றுத் தோலை எடுத்து இழுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் இழுத்தார்.

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்றார். அவர் கோபித்தது நியாயம். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள், நான் அசந்துபோனேன். "அந்த லைனிங் டிஸ்கு எத்தினி வாட்டி மடங்கும்? ஃப்ளெக்ஸ் டெஸ்ட் ரிப்போர்ட் இருக்குதா?"

ஷூ தோலை லட்சம் முறை மடக்கி எப்போது வெடிக்கிறது என்று பார்ப்பார்கள். எஸ்.எஸ்.டி.க்கும் அதே கணக்கு உண்டு. இத்தனை முறை எழுதலாம், அதற்கப்புறம் தேய்ந்துவிடும் என்று கம்பெனி எழுதித் தரும். வீட்டு லேப்டாப்புக்குச் செய்தது சீக்கிரம் தேயும், சர்வருக்குச் செய்தது பல மடங்கு தாங்கும். அதோடு சர்வர் ரகத்தில், கரென்ட் திடீரென்று போனாலும் கையில் வாங்கியதை எழுதி முடித்துவிட்டுத்தான் கண் மூடும். எங்கள் ஊர் கரென்டுக்கு அது ரொம்ப முக்கியம். இதையெல்லாம் வைத்து நந்தகோபால் ஒரு மணி நேரம் என்னைக் குறுக்குக் கேள்வி கேட்டார். முப்பது வருஷத் தோல் அறிவு அன்றைக்குத்தான் சரியான பக்கம் திரும்பியது. மறுநாள் அவரே லாங் பஜார் போய், ஒரே மாடலில், ஒரே மாதத்தில் செய்த இரண்டு சர்வர் எஸ்.எஸ்.டி.யை வாங்கிவந்தார். சாக்குப்பை இல்லை. சட்டைப்பையில் வைத்திருந்தார். இரண்டையும் ஒன்றுக்கொன்று நகலாக மாட்டினேன். சரிபார்ப்புக் குறிப்பு, நாலு வேலை எல்லாம் போயிற்று.

அடுத்த திங்கட்கிழமை, ஜெர்மனி அறிக்கை ஓடும்போதே, மெஷின் "நன்றி" சொல்லி முடிப்பதற்குள் பெயர் டிஸ்கில் ஏறிவிட்டது. லேட் ஒருவர்கூட இல்லை.

வசந்த் மீட்டிங் போட்டார். போஸ்டர் வேலை செய்துவிட்டதாம். சூரியன் படத்தை வேறு இரண்டு யூனிட்டுக்கும் அனுப்பச் சொன்னார்.

பழைய லேட்டுகள்? அவை அப்படியே இருந்தன. மூன்றும் அதற்கு மேலும் வாங்கியவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். மெஷினில் இருந்த விரல் நேரத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகக் காட்டினேன். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் எட்டு இருபத்தெட்டுக்குள் விரல் வைத்தவர்கள். வசந்த் அதைத் தள்ளி வைத்தார். தலைமை அலுவலகத்துக்கு ரிப்போர்ட் போய்விட்டது, இனி மாற்றினால் ஹெச்.ஆர். பொய் சொன்ன மாதிரி ஆகும் என்றார். அதற்குப் பதிலாக ஒரு நோட்டீஸ் ஒட்டினார்:

"தாமதமாக வந்த தொழிலாளர்களை நிர்வாகம் பெருந்தன்மையுடன் மன்னிக்கிறது. புதன்கிழமை மதிய உணவு இடைவேளையில் ஹெச்.ஆர். மேனேஜர் முன்னிலையில் தவறை ஒப்புக்கொண்டு கையெழுத்திடுபவர்கள் சூப்பர்வைசர் தேர்வு உள்ளிட்ட சலுகைகளைத் திரும்பப் பெறலாம்."

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் பூர்ணிமாவிடம் கோழை மாதிரித்தான் பேசினேன். "ஒரு கையெழுத்துதானே, போட்டுடு. பட்டியல் சனிக்கிழமை வருது."

"இன்னா தப்பு பண்ணேன்னு மன்னிப்பு?" அவள் கண் கலங்கிவிட்டது. அவள் அழுது நான் பார்த்ததே குறைவு. "பதினோரு வருஷம். ஒரு நாள் லேட்டா வந்தேனா? ஜுரத்துல வந்திருக்கேன். கையெழுத்துப் போட்டு சூப்பர்வைசர் ஆனா, நாளைக்கு லைன்ல ஒருத்தியை லேட்டுன்னு எந்த மூஞ்சியை வெச்சுக் கேப்பேன்?"

அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "பொட்டிமேல ஒட்டுற ஸ்டிக்கர் அடிக்கிற பிரிண்டர் உங்க ரூம்லதானே இருக்குது?"

புதன்கிழமை பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. ஹெச்.ஆர். அறை வாசலில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். வராந்தா தாண்டி, கேன்டீன் தாண்டி, சைக்கிள் ஷெட் வரைக்கும் போனது வரிசை. யாரும் கோஷம் போடவில்லை. நோட்டீஸ் கூப்பிட்டது, வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஷூ பெட்டியில் ஒட்டுகிற ஸ்டிக்கர். அதில் பெயர், டோக்கன் நம்பர், விரல் வைத்த நேரம், டிஸ்க் எழுதிய நேரம். காலையில் நான் அடித்துக் கொடுத்தது. அந்த அளவுக்காவது எனக்கு ரோஷம் இருந்தது.

முன்னால் பூர்ணிமா நின்றாள். வசந்தின் நோட்டில் கையெழுத்துப் போடும் இடத்தில் ஸ்டிக்கரை ஒட்டினாள். வசந்த் திகைத்தார். ஆனால் நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே. நோட்டில் பெயர், டோக்கன், மூன்று தேதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "மன்னிப்பு ஏற்கவில்லை" என்று அவர் கைப்பட எழுத வேண்டியிருந்தது. அப்புறம் அடுத்த ஆள். அப்புறம் அடுத்த ஆள். தன் பெயரை அவர் எழுதி முடித்த பின்னும் பூர்ணிமா போகாமல் பக்கத்திலேயே நின்றாள்.

ஒரு மணிக்கு வேலை மணி அடித்தது. வரிசை நகரவில்லை. ஒன்றே காலுக்கு க்ளோசிங் செக்‌ஷனில் மூன்று லைனும் நின்றுபோய், எங்கள் முதலாளி கீழே இறங்கிவந்தார். அவரை எல்லோரும் சாப் என்றுதான் கூப்பிடுவோம். ஃபேக்டரியில் மெஷின் சத்தம் நின்றால் அவருக்கு நெஞ்சு வலிக்கும்.

"இன்னாப்பா இது? எத்தினி பேர் முடிஞ்சுது?"

"இருபத்தி மூணு சாப்" என்றார் வசந்த். வியர்த்துக்கொட்டியது. "நான் வேகமாத்தான் எழுதறேன் சாப். ஆளு ஜாஸ்தி. நோட்டு ஒண்ணு. ஒருத்தரை முடிச்சாத்தானே அடுத்தவங்களை எழுத முடியும்?"

பூர்ணிமா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"சாப், சைக்கிள் ஷெட்டுல கடைசியா நிக்கிறது நசீமுன்னிசா அக்கா. பன்னெண்டரைக்கே வந்து நிக்கிறாங்க, நீங்களே போய்க் கேளுங்க. இந்த வேகத்துல சார் அவங்க பேரை எழுதறதுக்கு நாளைக்குச் சாயங்காலம் ஆயிடும். அப்போ அவங்க நாளைக்குத்தான் வந்தாங்கன்னு எழுதுவாரா சாப்?"

சாப் நோட்டைப் பார்த்தார். பிறகு வராந்தாவைப் பார்த்தார், கடைசிவரை. கம்பிக்குள் ஒரு மாதமாக நின்ற வரிசையை அன்றைக்குத்தான் அவர் கண்ணால் பார்த்தார். பூர்ணிமாவின் கையிலிருந்த ஸ்டிக்கரை வாங்கிப் படித்தார். 8.18. 8.41.

"கார்முகிலன்."

"சாப்."

"மெஷின் டைமைப் போடு. எல்லாருக்கும். இன்னிக்கே. ரிப்போர்ட்டை நான் பார்த்துக்கறேன்." வசந்த் பக்கம் திரும்பினார். "நோட்டை மூடுப்பா. நீ எழுதி முடிக்கறதுக்குள்ள ஜெர்மனிக்காரன் வேற ஃபேக்டரி பார்த்துடுவான்."

சனிக்கிழமை பட்டியலில் பூர்ணிமாவின் பெயர் நாலாவதாக இருந்தது. அவள் மாமியார் பாயசம் வைத்தார். நந்தகோபால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மிச்சமிருக்கும் எட்டு டிஸ்கை டேபிள் ரன்னில் யாருக்காவது தள்ள முடியுமா என்று விசாரித்தார்.

திங்கட்கிழமை காலை எட்டு பதினேழுக்கு அவளை வாசலில் இறக்கிவிட்டேன். கத்தரிப்பூ நிறத்தில் சூப்பர்வைசர் கோட்டு. விரலை வைத்தாள், நன்றி என்றது மெஷின், உள்ளே போனாள். நான் வழக்கம்போல எதிர்க்கடைக்குப் போனேன். டீ குடித்து, ராசிபலன் பார்த்து (என் ராசிக்குப் பாராட்டு என்று போட்டிருந்தது), ஸ்டாஃப் கேட்டுக்கு வந்தேன். செக்யூரிட்டி மேஜையில் நோட்டைக் காணோம். அந்த இடத்தில் ஒரு புது விரல் மெஷின். இவ்வளவு வேகமான டிஸ்க் இருக்கும்போது ஸ்டாஃபுக்கு மட்டும் எதற்கு நோட்டு என்று சாப் சொல்லிவிட்டாராம்.

விரலை வைத்தேன். நன்றி என்றது. எட்டு நாற்பத்து மூன்று. ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் எழுதியது, நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த டிஸ்க்.

மாலையில் பைக்கில் ஏறி உட்கார்ந்ததும் பூர்ணிமா கேட்டாள். "ஒரே பைக்லதானே வந்தோம்?"